விரலில் ஒட்டிய பிளாஸ்திரி

பிளாஸ்திரி அக்காவை யாரும் நல்ல நாளில் கூப்பிட்டதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால்தான் அவள் ஞாபகம் வரும். திரை கறுத்துப் போச்சு, உள்ளே ஃபேன் கத்துது, வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்குது என்று போனில் புலம்புவார்கள். அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: சுவிட்ச் போட்டிருக்கா? பத்துப் பேரில் மூன்று பேர் அத்தோடு வெட்கப்பட்டுப் போனை வைத்துவிடுவார்கள். மீதி ஏழு பேர் வீட்டுக்கு அவள் தோள்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

இந்தத் தொழிலை அவள் படித்து வரவில்லை. ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெஷின் செத்துப்போனது. பார்க்க வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல், இது கதை முடிந்தது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே மூடியைக் கழற்றினாள். மெமரிப் பட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, திரும்பச் செருகினாள். மெஷின் எழுந்து உட்கார்ந்தது. பிறகு அந்த அலுவலகம்தான் படுத்தது, மெஷின் நன்றாகவே ஓடியது. அவளுக்குத் தொழில் அப்படி அமைந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நான் நின்னுபோனதை மேல ஏத்துறேன், இவ செத்துப்போனதை எழுப்புறா" என்று பெருமையடித்துக்கொள்வார். அவள் வடித்த சாதம் குழைந்துபோனால் மட்டும் இதையே வேறு தொனியில் சொல்வார்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவள் பையில் எப்போதும் இருக்கும் பிளாஸ்திரிச் சுருள். கேபினெட்டின் தகர விளிம்பு கத்தி மாதிரி, விரலைக் கிழிக்காமல் விடாது. அதற்காக வைத்திருந்த சுருளை ஒருநாள் வேறொன்றுக்குப் பயன்படுத்தினாள். டிஸ்க் மாற்றும் வீட்டில், பழைய டிஸ்கைக் கையில் எடுத்ததும் அதன் முதுகில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, 'பழசு' என்று எழுதித் தேதி போட்டாள். அதுவே சட்டமாகிவிட்டது. பிளாஸ்திரி ஒட்டிய டிஸ்குக்குள் எதையும் எழுதக்கூடாது, அதிலிருந்து எடுக்க மட்டும்தான் செய்யலாம். வேலை முடிந்ததும் அந்தப் பழசை வீட்டுக்காரர்கள் கையிலேயே கொடுத்து, பத்திரமாக வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள் என்று ஒரு பிரசங்கமும் செய்வாள். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு வீட்டில் அது ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

தையல்காரம்மா வீடு அவளுக்கு ஒன்பது வருஷப் பழக்கம். மூன்றாம் மாடி, இரண்டு அறை. முன்னறையில் ஒரு பக்கம் தையல் மெஷின், துணி மூட்டைகள், பிரித்துப்போட்ட பேன்ட் கால்கள். மறுபக்கம் பெரிய தொடுதிரை வைத்த கம்ப்யூட்டர். அதன் முன்னால் தையல்காரம்மாவின் மகள் உட்கார்ந்திருப்பாள். வயது பத்தொன்பது. காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும். பேச்சு மட்டும் பிறந்ததிலிருந்தே வரவில்லை. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். படத்தை அமுக்கினால் அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டர் சொல்லும். குரல் அவளுடைய சித்தியுடையது. சின்னப் பொண்ணு அம்மா குரலில் பேசக்கூடாது என்று சித்தியே அடம்பிடித்துப் பேசிக் கொடுத்தது. எட்டு வயதில் 'தண்ணி', 'பசி' என்று ஆரம்பித்து, ஒவ்வொரு படமாகத் தாயும் சித்தியும் சேர்த்துச் சேர்த்து, இரண்டாயிரத்துக்கும் மேலே போயிருந்தது. வெளியே போகும்போது ஐம்பது படம் ஒட்டிய ஒரு சின்ன நோட்டு கையில் இருக்கும். ஆனால் அவள் பேசுகிற இடம் என்றால் அந்தத் திரைதான்.

அவளுக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பெயர். வந்தவர்கள் ரொம்ப நேரம் பேசினால், 'போதும்' கட்டத்தை அமுக்கித் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மேல்முறையீடு கிடையாது. ஒரு தடவை கூடவே 'செருப்பு' கட்டத்தையும் அமுக்கினாள். வாசலில் கிடக்கிறது, மாட்டிக்கொண்டு கிளம்பு என்று அர்த்தம்.

அந்தப் படப் பேச்சு மென்பொருளைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புது சிஸ்டத்தில் அது ஓடாது, போனிலும் ஓடாது. ஒருமுறை ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஒன்று அழையா விருந்தாளியாக வந்து உட்கார்ந்து, மறுநாள் காலையில் ஜட்ஜம்மாவை ஊமையாக்கிவிட்டது. பிளாஸ்திரி அக்காதான் வந்து அதை வெளியேற்றினாள். அந்த மெஷினுக்கு மட்டும் இனிமேல் அப்டேட்டே வராதபடி கதவைச் சாத்தி, இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கிவிட்டாள். மற்ற வீடுகளில் அப்டேட் போடுங்கள் என்று கெஞ்சுகிறவள், இந்த வீட்டில் காவல்காரி.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மெஷினின் சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சத்தமில்லாத எஸ்.எஸ்.டி. போட்டவளும் அவள்தான். இப்போது அந்த எஸ்.எஸ்.டி.யும் திணறியது. படத்தை அமுக்கினால் சொல் வர நாலு விநாடி. நாலு விநாடி தாமதமாகக் கோபித்துக்கொண்டால் அது என்ன கோபம்? ஜட்ஜம்மா மேஜையை உதைத்தாள். அக்கா பரிசோதித்துவிட்டு, டிஸ்க் இன்றைக்கோ நாளைக்கோ என்றிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றாள். அதே கம்பெனியில், அதே அளவில், அதே கறுப்பு நிறத்தில் புதிது வாங்கினாள். வருவதற்கு முதல் நாளே தையல்காரம்மாவிடம் போனில், எதற்கும் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள் என்றும் சொன்னாள்.

காலை பத்து மணிக்குப் போனபோது தையல்காரம்மா பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எடுத்தாச்சு என்றாள். வழக்கமாக அதைச் செருகிப் பார்க்காமல் அக்கா அடுத்த வேலைக்குப் போக மாட்டாள். அன்றைக்கு ஜட்ஜம்மா, கம்ப்யூட்டரை அணைத்ததும் நோட்டில் 'எப்போ?' படத்தைக் காட்டிக் காட்டி அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வாயைக் கட்டிப்போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? இதோ இதோ என்று சொல்லிக்கொண்டே அக்கா அவசரமாக மூடியைக் கழற்றினாள். தகர விளிம்பு ஆள்காட்டி விரலைக் கிழித்தது.

சுருளில் கடைசியாக ஒரே துண்டுதான் இருந்தது. ரத்தம் தையல்காரம்மாவின் துணியில் சொட்டப் பார்த்தது. துண்டை விரலில் சுற்றினாள். பிறகு டிஸ்கை உருவினாள்.

அவளிடம் டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு நேராகக் காப்பி எடுக்கிற பெட்டி ஒன்று உண்டு. மேலே இரண்டு பள்ளம். முன் பள்ளத்தில் பழசு, பின் பள்ளத்தில் புதுசு, பட்டனை அமுக்கினால் முன்னால் இருப்பது அப்படியே பின்னால் போகும். கம்ப்யூட்டர்கூட வேண்டாம். இரண்டு டிஸ்கையும் மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியின் ஒயருக்குப் பிளக் தேடினாள். திரும்பி வந்து இரண்டையும் செருகினாள். பட்டனை அமுக்கினாள். விளக்குகள் வரிசையாக எரிந்து முடிப்பதற்குள் தையல்காரம்மா டீ போட்டுக் கொடுத்தாள். கப்பலில் வேலை பார்க்கிற புருஷன் அடுத்த மாதம் வருகிறார் என்று பேச்சு ஓடியது. டீ நன்றாக இருந்தது என்பதைப் பிறகு எத்தனையோ நாள் அக்கா மனம் கசந்து நினைத்துக்கொண்டாள்.

புது டிஸ்கைப் பொருத்தி மெஷினைப் போட்டாள். சிஸ்டமே இல்லை என்று திரை சொன்னது. சரி, காப்பியில் ஏதோ கோளாறு என்று பழசைப் பொருத்தினாள். அதிலும் சிஸ்டம் இல்லை. தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை வெறும் பூஜ்யம். அப்போதுதான் தன் விரலைப் பார்த்தாள். டிஸ்கின் முதுகில் இருக்கவேண்டிய பிளாஸ்திரி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. புதுசை முன்னாலும் பழசைப் பின்னாலும் செருகியிருக்கிறாள். ஒன்றுமில்லாததை அழகாக, ஒரு துளி விடாமல், பதினொரு வருஷத்தின் மேல் எழுதியிருக்கிறாள்.

பதறிப்போய்ப் பென்டிரைவைச் செருகினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். அதில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. தையல்காரம்மா திரையில் தெரிந்த சின்னப் படத்தை, அம்புக்குறி போட்ட குறுக்குவழிப் படத்தை மட்டும் இழுத்து அதில் போட்டிருந்தாள். வீட்டைக் காப்பி எடுக்கச் சொன்னால் வாசல் பலகையை எடுத்து வைத்த மாதிரி. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? பார்க்கவேண்டியவள் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் உலர்ந்து போயிருந்தது.

இதற்குள் ஜட்ஜம்மா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புத் திரையில், 'தண்ணி' இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்து அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். கட்டம் எங்கே என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த நிமிஷத்தில் ஒரு பொய் சும்மா அவள் நாக்கின் நுனிக்கு வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். டிஸ்க் செத்துப்போச்சு, நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்று சொன்னால் முடிந்தது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவளைத் தவிர இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்திலேயே இல்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தப் பெண் வெறும் கண்ணாடியை அமுக்குவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"டிஸ்க் சாகலைங்க" என்றாள். "நான்தான் மாத்திச் செருகி அழிச்சுட்டேன். எல்லாம் போச்சு. திரும்ப எடுக்க முடியாது. என் தப்பு."

தையல்காரம்மா மகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எழுந்து உள்ளறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அழப் போயிருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா, போனால் அதைவிடக் கேவலம் உண்டா என்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

தையல்காரம்மா வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. பேன்ட் துணியில் தைத்து, பஞ்சு கொடுத்து, ஜிப் வைத்த பை. திறந்தாள். உள்ளே ஐந்து வருஷத்துக்கு முன்னால் கழற்றிக் கொடுத்த அந்தச் சுழல்கிற ஹார்ட் டிஸ்க். பழுப்பேறிப்போன பிளாஸ்திரி, அதில் அக்காவின் கையெழுத்து, தேதி.

"நீங்கதானே பத்திரமா வையுங்கன்னு சொன்னீங்க" என்றாள் தையல்காரம்மா. "நான் என்னத்தைக் கண்டேன், சொன்னீங்க, வச்சேன்."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஒன்பது வருஷமாக வீடு வீடாகப் பேசின பேச்சை ஒரே ஒரு மனுஷி காதில் வாங்கியிருக்கிறாள். சும்மா வாங்கவில்லை, அதற்கு ஜிப் வைத்துப் பை தைத்திருக்கிறாள். அவளுடைய பேச்சை அவளே மீறின நாளில், அந்தப் பேச்சே அவளைக் காப்பாற்ற வந்து நின்றது. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. எதிரில் நின்றவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விடுங்க, முதல்ல அது ஓடுதான்னு பாருங்க என்று தையல்காரம்மாதான் அவளை எழுப்பிவிட்டாள்.

பழைய பிளாஸ்திரி தொட்டதும் பிய்ந்து கையோடு வந்தது. அக்கா தன் விரலில் இருந்ததை உரித்து, ரத்தக்கறையோடேயே அந்த டிஸ்கின் முதுகில் அழுத்தி ஒட்டினாள். பிறகுதான் மறு வேலை. எந்தப் பள்ளத்தில் எது என்று வாய்விட்டுச் சொல்லி, தையல்காரம்மாவையும் பார்க்கச் சொல்லி, ஜட்ஜம்மாவையும் பார்க்கச் சொல்லி, மூன்று பேர் சாட்சியாகப் பட்டனை அமுக்கினாள். டிஸ்க் கரகரவென்று இருமிக்கொண்டே சுற்றியது. அது சுற்றி முடிகிற வரைக்கும் யாரும் டீ குடிக்கவில்லை.

திரை எழுந்தது. கட்டங்கள் வந்தன. ஜட்ஜம்மா 'தண்ணி'யை அமுக்கினாள். சித்தி குரல், அஞ்சு வருஷம் இளசான குரல், தண்ணி என்றது. தையல்காரம்மா சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அது பதினாலு வயசுப் பெண்ணின் பேச்சு. மிட்டாய் இருந்தது, லிப்ஸ்டிக் இல்லை. 'எனக்குப் பயமா இருக்கு' இருந்தது, 'என்னைத் தனியா விடு' இல்லை. ஐந்து வருஷத்தில் சேர்ந்த எழுநூறு சொற்களுக்கு மேல் காணோம். ஜட்ஜம்மா பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, வெற்றுக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் குத்தி, கூடவே 'இல்லை' கட்டத்தையும் அமுக்கினாள். 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று சித்தியின் பழைய குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிளாஸ்திரி அக்கா அந்த வீட்டில்தான் இருந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. தையல்காரம்மா படம் எடுப்பாள், சித்தி மைக்கில் பேசுவாள், அக்கா கட்டத்தில் பொருத்துவாள். எந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்று மூன்று பேருக்கும் தெரியாது, ஜட்ஜம்மாவுக்குத்தான் தெரியும். அவள் குத்துவாள், இவர்கள் ஊகிப்பார்கள். பஸ்ஸுக்குப் பக்கத்துக் கட்டம் 'டிக்கெட்' என்று முடிவு செய்து வைத்தார்கள். இல்லை. 'ஜன்னல்' என்றார்கள். இல்லை. கடைசியில் அவள் எழுந்து வந்து அக்காவின் தோளை இடித்து இடித்துத் தள்ளிய பிறகுதான் புரிந்தது, அது 'கூட்டம்'.

அன்றன்றைக்குச் செய்ததை அக்கா இரண்டு டிஸ்கில் காப்பி எடுத்தாள். ஒன்று சித்தி வீட்டுக்குப் போனது, இன்னொன்று தையல்காரம்மாவின் ஜிப் பைக்குப் போனது. ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது, என்னாலதான் இவ்வளவும் என்று ஆரம்பிப்பாள். யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க என்பாள் தையல்காரம்மா. நானும்தானே வெறும் படத்தைக் காப்பி எடுத்து வச்சேன் என்பாள். "பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவா போகுது? சொன்னீங்களே, அது போதும் எனக்கு" என்றாள் ஒருநாள். வீட்டுக்குப் போய் அக்கா அதைப் புருஷனிடம் சொன்னபோது, அந்த மனுஷன் கேலி பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பதினான்காவது ஞாயிறு மீதியிருந்தது 'நம்ம ஆளுங்க' பக்கம் மட்டும். அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா, மாடிவீட்டு டீச்சர் எல்லாம் பழைய டிஸ்கிலேயே வந்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஜட்ஜம்மா அதைக் குத்தினாள். மாமாவா என்று அக்கா கேட்டாள், அத்தையா என்று கேட்டாள். 'இல்லை', 'இல்லை'. தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தாள்.

"அது நீங்கதான்" என்றாள்.

அக்காவுக்குப் புரியவில்லை. நானா?

"நாலு வருஷமா அங்கதான் இருக்கீங்க. உங்க பையைப் படம் எடுத்து வச்சிருந்தோம். நீங்க வந்தா மெஷினைத்தானே பார்ப்பீங்க, இந்தப் பக்கத்தை எங்க திருப்பினீங்க, அதான் பார்த்ததில்லை."

மெஷின் மக்கர் பண்ணும்போது கூப்பிடுறதுக்கா என்று அக்கா கேட்டாள்.

"அதுக்கும்தான். நல்லா ஓடுற நாள்லயும் அமுக்குவா. ஏன் வரலைன்னு கேப்பா. மெஷின் கெட்டாத்தானே வருவாங்கன்னு நான் சொல்வேன். அப்புறம் எப்படியோ ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கரன்ட் ஒயர் பிடுங்கிக்கும். யாரு பிடுங்குவாளோ, எனக்குத் தெரியாதுப்பா."

ஜட்ஜம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த வழக்குக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த வீட்டு ஒயர் ஏன் தளர்கிறது என்று அக்கா எலியைச் சந்தேகித்திருக்கிறாள், பிளக்கைச் சந்தேகித்திருக்கிறாள். யாரும் தன்னை நல்ல நாளில் கூப்பிட்டதில்லை என்று எத்தனையோ பேரிடம் குறைப்பட்டிருக்கிறாள். இந்த வீட்டில் பல தடவை கூப்பிட்டது நல்ல நாளில்தான். அவளுக்குத்தான் தெரியவில்லை. தன்னையும் தன் கையாலேயே அழித்துவிட்டு, பதினான்கு வாரமாக மற்ற எல்லாரையும் திரும்ப வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பையைப் படம் எடுத்தார்கள். சித்தி மைக்கில் 'பிளாஸ்திரி' என்று சொன்னாள். ஜட்ஜம்மா 'இல்லை' அமுக்கினாள். சித்தி இன்னும் கொஞ்சம் இனிமையாகச் சொன்னாள். 'இல்லை.' பிறகு ஜட்ஜம்மாவே மைக்கைப் பிடுங்கி அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினாள். என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்பது வருஷமாகச் சொல்கிற சொல்தான் வந்தது.

"வந்துட்டேன்."

ஜட்ஜம்மா கட்டத்தை அமுக்கினாள். வந்துட்டேன். மறுபடி அமுக்கினாள். வந்துட்டேன், வந்துட்டேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இருந்தாலும் என்னாலதான் உனக்கு இவ்வளவு கஷ்டம் என்று வழக்கம்போல ஆரம்பித்தாள்.

ஜட்ஜம்மா திரும்பிப் பார்க்காமலே 'போதும்' அமுக்கினாள். கொஞ்சம் பொறுத்து 'சாப்பாடு' அமுக்கினாள். 'செருப்பு' பக்கம் கை போகவே இல்லை.

தையல்காரம்மா நாலு தட்டு எடுத்து வைத்தாள். பிளாஸ்திரி அக்கா தோள்பையைக் கழற்றிக் கதவு மூலையில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனாள்.